வீரமும் காதலும் பெயரும்
(தகடூர், கொல்லி நிலப்பகுதியை முன்னிட்டு ஓர் ஒப்பாய்வு)

முன்னுரை

மேலைநாட்டு இடைக்காலக் குதிரை மறவரின் காதலையும் நம் சங்ககால மறவரின் காதலையும் ஒருங்கு வைத்து நோக்கும் வழக்கம் தமிழ் ஆராய்ச்சி உலகில் உண்டு. இரண்டிலும் போர் உண்டு. போர் காரணமாகப் பிரிவு உண்டு. ஊரார் தூற்றும் அலருக்கு அஞ்சிய மறைவொழுக்கமும் உண்டு. ஆதலின் இரண்டும் ஒரு தன்மையவே எனக் கூறிவிடுதல் எளிது. அங்ஙனம் கூறுதல் எத்துணைப் பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்விற்கு யாம் கொண்ட நிலவெல்லை எடப்பாடியை உள்ளிட்ட சேலம், நாமக்கல் சமவெளியும் அதனைச் சூழ்ந்த மலைநாடுகளும் ஆகும். சேர்வராயன் மலையில் தோன்றும் சரபங்க ஆறு எடப்பாடி வழியே சென்று காவிரியோடு கலக்கின்றது. இச்சமவெளிக்கு வடக்கே அதியமான்களின் தகடூர் உள்ளது. அதுவே இன்றைய தருமபுரி. தென்கிழக்கே வல்வில் ஓரியின் கொல்லிமலை. தெற்கே, கரூரை அடுத்து, சேர இரும்பொறையரின் பெயர் பொறித்த கல்வெட்டையுடைய புகழூர். அதியர், ஓரி, இரும்பொறையர் என்னும் முத்திறத்தார் நாடுகளுக்கும் இடையே கிடந்த இந்நிலம், சங்க காலப் போர்கள் பலவற்றின் ஒலியைக் கேட்ட நிலம் எனலாம்.

இந்நிலத்து மறவர் பெயர்கள் அகப்பாடல்களில் பலகால் வருகின்றன. ஆயினும் அவருள் ஒருவரேனும் ஐந்திணைத் தலைவனாக வரக் காண்கிலேம். இஃது ஏன் என்னும் வினாவிற்கு விடை காணின், இருநாட்டு மரபுகளின் வேறுபாடும் தானே விளங்கும் என்பது எம் கருத்து.

1. மேலைநாட்டு மரபு

பிரஞ்சு நாட்டின் தென்பகுதியில் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் துருபதூர் எனப்பட்ட பாவலர் தோன்றினர். பாடல்கள் கிடைக்கும் அளவில் அவருள் முற்பட்டவன் அக்குயித்தேன் நாட்டுக் கோமானாகிய ஒன்பதாம் வில்லியம் (1071-1126) ஆவன். இவர்கள் பாடிய காதலுக்கு 'அரசவைக் காதல்' என்று பொருள்படும் பெயரை வழக்கிற் கொணர்ந்தவர் கசுதோன் பாரி என்னும் பிரஞ்சு அறிஞர். அவர் அங்ஙனம் எழுதிய ஆண்டு 1883. ஆகவே பெயர் பிற்காலத்தது, பொருளே பழையது.

அக்காதலின் இயல்புகளாக மூன்றனை ஈண்டுச் சுட்டுவோம். முதலாவது, பணிவு. குறுநிலக் கிழவன் தன் பேரரசன் முன் மண்டியிட்டுக் கை குவித்து ஆட்படும் முறை அக்காலத்து அரசியல் வழக்காகும். பாவலன் அம்முறையையே காதலுக்கு ஆக்கிக்கொண்டு, தலைவியை 'என் கோமான்' என ஆண்பாற் சொல்லால் விளித்தான். இரண்டாவது, வீரத்தைக் காதலுக்குக் காணிக்கையாக்குதல். கிரெத்தியேன் என்னும் புலவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய கதையொன்றில், இலான்சலாத்து என்னும் மறவன் போர்விளையாட்டுக் களத்தில் நிற்கின்றான். அரசியாகிய கினெவியர், தோற்றாற்போல நடக்குமாறு அவனுக்குச் சொல்லி விடுக்கின்றாள். அவனும் அவ்வாறே நடந்து பலர் நகைக்கு ஆளாகின்றான். புகழே உயிரெனக் கொண்ட மறவன் அப்புகழையும் அவள் சொல்லுக்குக் கொடுத்துவிடுகின்றான் என்பது அக்கதையின் உட்கிடை.

மூன்றாவது, மறைத்தல். தலைவி பெரும்பாலும் பிறன் மனைவி. ஆதலின் அவள் பெயரைப் பாவலன் கூறான். மறைபெயர் ஒன்றனை இட்டு வழங்குவான். பாடுவோன் பெயரோ நாடறிந்தது. எனவே ஆண் பெயர் வெளிப்பட, பெண் பெயர் மறைய நிற்பது மேலைநாட்டு மரபு எனத் தொகுத்துக் கூறலாம்.

2. அகத்திணையும் பெயரும்

தமிழ் மரபோ இருவர் பெயரையும் மறைத்தது. அன்பின் ஐந்திணையுள் தலைமக்களை இயற்பெயராற் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. இவ்விதி நாணம் பற்றியது மட்டும் அன்று. இலக்கியப் பொருளையே இரண்டாகப் பகுக்கும் எல்லைக்கோடு ஆகும். பெயர் இல்லாத இடத்தில் அகம் நிற்கும். பெயர் புகுந்த அளவில் அது புறமாகும்.

இக்கோடு எத்துணை நுண்ணியது என்பதற்குப் பத்துப்பாட்டுள் இரண்டு பாட்டுக்கள் சான்றாகும். நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் அரசன் பாசறையில் உறக்கமின்றி இருக்கின்றான். புண்பட்ட யானைகளையும் குதிரைகளையும் மறவரையும் எண்ணி வருந்துகின்றான். அரசி மனைக்கண் ஆற்றியிருக்கின்றாள். நக்கீரரின் நெடுநல்வாடையிலும் அரசி தனித்து வருந்துகின்றாள். அரசன் நள்ளிரவில் வாடைக்காற்றிடையே பாசறைத் தெருவிற் சென்று புண்பட்ட மறவரைக் கண்டு ஆற்றுகின்றான். பொருள் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் முன்னையது அகம், பின்னையது புறம் என நச்சினார்க்கினியர் கொண்டார். அதற்கு அவர் காட்டும் காரணம், அரசன் முன்னே செல்வோன் ஏந்திய வேலில் வேப்பந்தார் கட்டப்பட்டிருத்தலே. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. பெயர் கூட வேண்டா. பெயரை உணர்த்தும் பூ ஒன்று புகுந்ததே பாட்டின் திணையை மாற்றப் போதியதாயிற்று.

மேலைநாட்டுப் புலவன் கையில் இதே பொருள் கிடைத்திருப்பின், வேலிற் கட்டிய அடையாளம் தலைவியின் கைப்பொருளாக இருந்திருக்கும். அவள் நினைவே அவ்வேலுக்கு வலிமை தந்தது என அவன் பாடியிருப்பான். தமிழ்ப் புலவரோ போரையும் காதலையும் ஒரே இரவில் அருகருகே வைத்தும், ஒன்றனுக்கு மற்றொன்றைக் காரணமாக்கினாரிலர். போர்க்களத்தில் அரசன் மனம் தலைவியிடத்தன்று, புண்பட்டோரிடத்தே உள்ளது. இவ்வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது.

3. தகடூரும் கொல்லியும் அகப்பாட்டில்

இனி, எடுத்துக்கொண்ட நிலத்திற்கு வருவோம். அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறப்பாடல்கள் பலரும் அறிந்தவை. அவன் வரலாற்று மாந்தனே என்பதற்குத் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டும் சான்றாயிற்று. அத்தகையவன் ஔவையாரின் அகப்பாட்டில் எங்ஙனம் வருகின்றான்?

குறுந்தொகை 91ஆம் பாட்டில், பரத்தமை ஒழுக்கமுடைய தலைவனுக்கு மனைவியாக நேர்ந்தவள் உறங்கும் நாட்கள் சிலவே ஆகும் என்னும் கருத்து வருகின்றது. அதற்கு உவமையாவது அஞ்சியின் போர்முனையில் உள்ள ஊர். இரவிற் பகைவர் எப்பொழுது வருவரோ என்று அவ்வூரார் கண்ணுறங்கார். அவ்வுறக்கமின்மை மனைவியின் உறக்கமின்மைக்கு உவமையாயிற்று. குறுந்தொகை 80ஆம் பாட்டில் பரத்தை பேசுகின்றாள். யான் புனலாடச் செல்கின்றேன். தலைவி அஞ்சின், தன் சுற்றத்தோடு கூடித் தன் கணவன் மார்பைக் காத்துக்கொள்ளட்டும் என்கின்றாள். அங்கே உவமையாவன எழினியின் போர்முனையிலுள்ள ஆனிரைகள்.

இவ்விரண்டு உவமைகளையும் ஒருங்கு நோக்குக. போர் இங்கே மறவன் பார்வையில் தோன்றவில்லை. போரினால் உறக்கம் இழந்த ஊரார் பார்வையிலும், கவரப்படும் ஆனிரைகளைக் காப்போர் பார்வையிலும் தோன்றுகின்றது. அஞ்சியின் வீரத்தை வாயாரப் பாடிய அதே ஔவையார், அகத்துட் புகுந்த அளவில் அவ்வீரத்தின் மறுபக்கத்தைப் பெண்ணின் துயருக்கு அளவுகோலாக்கினார்.

கொல்லியும் இவ்வாறே. முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்னும் வரலாற்றை அகநானூறு 209ஆம் பாட்டு தருகின்றது. ஆனால் அவ்வரலாறு அங்கே வந்ததன் பயன், தலைவியின் அழகைக் கொல்லிப்பாவைக்கு ஒப்பிடுதலே. நற்றிணை 320ஆம் பாட்டில் கபிலர், ஓரியைக் கொன்ற பின் அவன் பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கூறுகின்றார். அது பரத்தை ஒருத்தி தெருவில் நடந்தபோது ஊரில் எழுந்த ஆரவாரத்திற்கு உவமையாயிற்று.

இவற்றால் பெறப்படுவது யாது? தகடூர், கொல்லி மறவர்தம் பெயர்கள் அகத்துள் புகத் தடையில்லை; உவமையாக அவை புகலாம். காதலராக மட்டும் புகலாகா. வரலாறு உவமைப் பகுதியிலும், காதல் உவமேயப் பகுதியிலும் நிற்கின்றன. ஆகவே அகப்பாடல்களைக் கொண்டு அரசியல் வரலாறு எழுதுவோர்க்கு உவமைகளே கருவூலம். அவற்றின் காதற்பகுதியைக் கொண்டு சங்ககால அரசரின் காதல் வாழ்வை எழுதப் புகுவோர், மரபே அடைத்து வைத்த கதவைத் தட்டுகின்றவர் ஆவர்.

4. பெயர் வெளிப்பட்ட காதல்

பெயருடைய காதல் தமிழில் அறவே இல்லையோ எனின், உண்டு; ஆனால் அதன் இடம் வேறு.

சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் புறநானூற்றில் (80-82) பாடினார். அடுத்த மூன்று பாட்டுக்கள் (83-85) பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் அவன்மேற் கொண்ட காதலைப் பற்றியன. களத்தில் ஒருவன் பொருகின்றான். வென்றான் என்பாரும் வென்றிலன் என்பாரும் ஊரில் உளர். பெண் ஒருத்தி பனைமரத்தின் அடியிற் சார்ந்து நின்று அவன் வெற்றியைக் காண்கின்றாள். மேலைநாட்டுப் போர்விளையாட்டுக் களத்தை இத்துணை நெருங்கிவரும் காட்சி சங்க நூல்களுள் வேறு இருத்தல் அரிது.

எனினும் வேறுபாடு பெரிது. ஆங்கே மறவன் பெண்ணின் பார்வைக்காகப் பொருதான். அவள் மேடைமேல் அமர்ந்து அவனை ஏவினாள். ஈங்கே பெண் மறைந்து நிற்கின்றாள்; தாய்க்கும் அஞ்சுகின்றாள், அவைக்கும் அஞ்சுகின்றாள்; அவனோ அவளை அறியான். இப்பாட்டுக்களில் அரசன் பெயர் இல்லை என்பதும் கருதத்தக்கது. பெயரைத் தருவது பாட்டின் அடிக்குறிப்பே. இன்னான் மேலது என்று அறியப்பட்டமையால் இவை புறநானூற்றுள் கைக்கிளையாக வைக்கப்பட்டன. இதே நக்கண்ணையார் பெயரில் நற்றிணையிலும் அகநானூற்றிலும் பாடல்கள் உள்ளன என்பதை உடன் நினைக்கின், பெயரறிதல் என்னும் ஒன்றே ஒரு புலவரின் பாடல்களை இருவேறு தொகைகளிற் சேர்த்தது என்பது புலனாகும்.

இரண்டாவது சான்று பேகன் வரலாறு. ஆவியர் குடித் தோன்றலாகிய வையாவிக் கோப்பெரும் பேகன் தன் மனைவியைத் துறந்து வேறொருத்திபாற் சென்றான். அவள் பொருட்டுக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் பாடிய ஐந்து பாட்டுக்கள் புறநானூற்றில் (143-147) உள்ளன. அவற்றின் திணை பெருந்திணை, துறை குறுங்கலி.

கபிலர், அவன் மலையைப் பாடியபோது கண்ணீர் வடித்து அழுத பெண் யார் என அவனையே வினவுகின்றார். பரணர், மயிலுக்குப் போர்வை அளித்தவனே, யாம் பசித்து வந்திலேம். இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைதலே யாம் வேண்டும் பரிசில் என்கின்றார். அரிசில்கிழார் அணிகலனும் செல்வமும் வேண்டா; அவள் கூந்தல் மலர் சூடுமாறு நின் தேரிற் குதிரைகள் பூட்டப்படுக என்கின்றார். பரிசில் பெற்று வாழ்வோர் பரிசிலை மறுத்து, ஒரு பெண்ணுக்காக வேண்டினர். இவ்வரிசில்கிழாரே தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர். தகடூரில் வீழ்ந்த எழினிக்குக் கையறுநிலை பாடியவரும் அவரே. பெரும்போர்களைக் கண்ட அப்புலவர், ஒருத்தியின் வாடிய கூந்தலையும் தம் பாட்டிற்குரிய பொருளாகக் கொண்டார்.

மேலைநாட்டில் அந்திரேயாசு என்னும் குருமகன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதிக்காலத்து எழுதிய காதல் நூல், கணவன் மனைவியரிடையே அத்தகைய காதல் நிகழ்தல் இயலாது என்னும் தீர்ப்பினைக் கூறுகின்றது. பேகனைப் பாடிய நால்வரும் அதற்கு நேர்மாறாக, மனைவியின் காதலுக்கே வழக்குரைத்தனர்.

ஈண்டு ஒன்று கூறற்பாலது. பேகன் பெயர் பாட்டினுள் உண்டு. அவன் மனைவி கண்ணகி என்னும் பெயரோ பாட்டினுள் இல்லை. அடிக்குறிப்பு எழுதினோரே அதனைக் காத்துத் தந்தனர். அவர் எழுதாது விட்டிருப்பின், நான்கு பெரும்புலவர் பரிந்து பேசிய பெண் பெயரின்றியே ஒழிந்திருப்பாள்.

5. மடலும் ஏறும் நடுகல்லும்

காதல் வழக்கங்களுள் மடலேறுதலையும் ஏறு தழுவுதலையும் மேலைநாட்டார் செயல்களோடு ஒப்பிடுவர். மடலேறுவோன் பனைமடலாற் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, தலைவியின் உருவெழுதிய கிழியை ஏந்தித் தெருவிற் செல்வான். ஐந்திணையுள் இது பெரும்பாலும் 'ஏறுவேன்' என்னும் அச்சுறுத்தலாகவே நின்றது. அச்சுறுத்தலின் ஆற்றல் யாது? மறைந்து நின்ற ஒருத்தியை ஊரறிய வெளிப்படுத்திவிடுவேன் என்பதே. பெயர் மறைத்தல் அறமாகக் கொள்ளப்பட்ட இடத்தில், அதனை வெளிப்படுத்தல் படைக்கலம் ஆயிற்று.

கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவியவனுக்கே ஆயமகள் உரியள். அங்கும் இருவர்க்கும் பெயரில்லை. இதனோடு சேலம் மாவட்டத்துக் கருவந்துறையிற் கிடைத்த நடுகல் ஒன்றனை ஒப்பிடுவோம். எருது விளையாட்டில் இறந்துபட்ட சங்கன் என்பானுக்கு அவன் மகன் நாட்டிய கல் அது. காலத்தால் மிகப் பிற்பட்டது. கல்லில் இறந்தான் பெயர் உண்டு; நாட்டிய மகன் பெயர் உண்டு; ஊர்ப்பெயரும் உண்டு. எவள் பொருட்டு அவன் எருதை எதிர்கொண்டான், அன்றி எவள் பொருட்டும் அன்றோ, என்பதைக் கல் கூறவில்லை. பாட்டு காதலைக் கூறிப் பெயரை விட்டது. கல் பெயரைக் கூறிக் காதலை விட்டது. தருமபுரி, கிருட்டினகிரிப் பகுதி நடுகற்கள் சிலவற்றில், வீழ்ந்த வீரனைத் தெய்வ மகளிர் வானுலகிற்கு அழைத்துச் செல்லும் காட்சி உண்டு. பெயருடைய வீரனுக்குக் கல் தரும் பெண்துணை பெயரில்லாத் தெய்வ மகளிரே.

6. உலாவும் அண்ணன்மார் கதையும்

துருபதூர்ப் பாவலர் பாடிய அதே பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழர் அவையில் ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர்மீதும் உலாப் பாடினார். அவற்றுள் அரசன் பெயரும் குடிப்பெருமையும் விரிவாகக் கூறப்படும். அவனைக் கண்டு காமுறும் மகளிரோ பேதை முதற் பேரிளம்பெண் ஈறாகப் பருவத்தாற் சுட்டப்படுவரேயன்றிப் பெயராற் சுட்டப்படார். மேலைநாட்டிற் பெண் உயர நின்றாள், ஆண் பணிந்தான். உலாவில் ஆண் யானைமேல் வருகின்றான், பெண்கள் மெலிகின்றனர். ஒரே காலத்து இரு அரசவைகளில் காதல் நேரெதிர் திசைகளிற் சென்றது.

கொங்கு நாட்டு வாய்மொழிக் காப்பியமாகிய அண்ணன்மார் கதை இன்னும் ஒரு படி செல்கின்றது. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் போர் செய்து வீரப்பூர்ப் படுகளத்தில் மாள்கின்றனர். உடுக்கடிப் பாட்டாக இரவுதோறும் பாடப்பட்டு வந்த இக்கதையைப் பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர் 1960களில் கொங்கு நாட்டிற் கேட்டுப் பதிவு செய்தார். அதுபற்றிய அவர்தம் ஆய்வுநூல் 1982இல் வெளிவந்தது. அவர் பதிவு செய்த வடிவில் அண்ணன்மார் மணம் முடித்தும் மனைவியரைத் தீண்டாது வாழ்கின்றனர். அவர் மறம் அக்கற்பினையே அரணாகக் கொண்டது. அவருக்காகப் படுகளம் தேடிச் சென்று அழுபவள் தங்கையாகிய தங்காள். மேலைநாட்டுக் கதையில் காதலிக்கு உரிய இடத்தில் ஈண்டு உடன்பிறந்தாள் நிற்கின்றாள். வீரர் பெயர் ஊர்தோறும் கோயில் கொண்டு ஓங்கிய இக்கதையில் காதல் அறவே நீங்கியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன: மேலைநாட்டு மரபு ஆணைப் பெயரோடும் பெண்ணை மறைபெயரோடும் நிறுத்தி, வீரத்தைக் காதலுக்கு ஏவலாக்கியது. தமிழ் அகமரபு இருவர் பெயரையும் நீக்கி, வீரத்தை உவமையாக்கியது. பெயர் புகுந்த இடத்துக் காதல் கைக்கிளையாகவோ பெருந்திணையாகவோ உலாவாகவோ மாறியது. அன்றேல், அண்ணன்மார் கதையிற்போல, நீங்கியது. எனவே அலரும் பிரிவும் மறைவும் பற்றிய புற ஒற்றுமைகளைக் கொண்டு இரு மரபுகளையும் ஒன்றெனல் பொருந்தாது.

பெயரின்மையால் விளைந்த நன்மையும் இழப்பும் நடுநின்று அளக்கத்தக்கன. யாரோ ஒருத்தியின் துயரம் எல்லார் துயரமும் ஆயினமை நன்மை. எடப்பாடிச் சமவெளியில் போர்முனை ஊர்களில் உறங்காதிருந்த பெண்கள் எவரெவர் என்பது அறிய ஒண்ணாமற் போயினமை இழப்பு. அவருடைய உறக்கமின்மை ஔவையாரின் உவமை ஒன்றில் மட்டும் தங்கியுள்ளது. முதுகலை மாணாக்கர் அகநூல்களைப் பயிலுங்கால், காதற்பகுதியிற் செலுத்தும் கருத்தை உவமைப் பகுதியிலும் அடிக்குறிப்புகளிலும் செலுத்துவராயின், இத்தகைய பெண்கள் பலரை இன்னும் காணலாகும். கண்ணகி என்னும் பேகன் மனைவி அவ்வாறே நமக்குக் கிடைத்தாள்.